பத்து அர்த்தமும் ஒரு கை நெத்திலியும்

இரண்டு வருடங்களுக்கு முன், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கியிருந்த ஆனி மாதத்தில், காரைக்கால்மேட்டில் நடந்தது இது. நான் காரைக்கால் நகரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. ஊர் குரும்பகரம். பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாமே நெல் விளைகிற பக்கம். கடற்கரை ஸ்கூட்டரில் போனால் எட்டிவிடுகிற தூரம்தான் என்றாலும் எனக்கு அது வேறு தேசம். கருவாட்டுக் குழம்பு என்றால் இரண்டு கை சோறு கூடுதலாக உள்ளே போகும். ஆனால் அந்தக் கருவாடு எங்கே, எப்படிக் காய்கிறது என்று நாற்பது வயது வரை நான் யோசித்ததே இல்லை.

பெற்றோர் கூட்டத்தன்றுதான் அந்த அக்காவை முதலில் பார்த்தேன். என் வகுப்பில் படிக்கும் பெண்ணின் அம்மா. மகளின் மதிப்பெண்ணைப் பற்றி நான் நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது படிச்சுக்கும் டீச்சர். எங்களுக்குக் கொஞ்சம் சொல்லித் தருவீங்களா?" என்றார். எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் விவரமாகச் சொன்னார். மேட்டில் பதினாலு பெண்கள் சேர்ந்து கருவாடு போடுகிறார்கள். பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரம்மா நேரில் பார்க்க வரப்போகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் மாதாமாதம் இவர்களிடமே வாங்குவார். அவருக்குத் தமிழ் தெரியாது.

மொழிபெயர்க்க யாரையாவது கூட்டிக்கொள்ளலாமே என்றேன். அக்கா தலையை ஆட்டினார். போன வருடம் இன்னொருவர் வந்தபோது அப்படித்தான் செய்தார்களாம். இவர்களுக்காகப் பேசியவர் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினார், வந்தவர் கை குலுக்கிவிட்டுப் போனார், அதோடு சரி. என்ன பேசினார், எதனால் வேண்டாம் என்றார்கள் என்று இன்றுவரை இவர்களுக்குத் தெரியாது. "எங்களுக்கு வாய் இருக்கு டீச்சர். அந்த வாய்க்கு இங்கிலீஷ் ஒண்ணுதான் இல்ல," என்றார் அக்கா. அவருக்கு வாய் இருப்பதைப் பிறகு வந்த நாட்களில் நன்றாகவே தெரிந்துகொண்டேன்.

வாரத்தில் மூன்று நாள், பள்ளி முடிந்ததும் மேட்டுக்குப் போனேன். ஏலக் கொட்டகைதான் வகுப்பறை. மீன் ஏலம் காலையிலேயே முடிந்து, தரையைக் கழுவி விட்டிருப்பார்கள். ஈரச் சிமெண்டில் ஒரு பிளாஸ்டிக் பாயை விரித்து உட்காருவோம். நான் வீட்டிலிருந்து ஒரு கரும்பலகையைக் கொண்டுபோயிருந்தேன். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொள்ளக் கூடாது என்று மனதுக்குள் ஒரு வைராக்கியம். முதல் நாள் வைத்துக்கொண்டேன், அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. இரண்டாவது நாளிலிருந்து விட்டுவிட்டேன்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் பட்டியல் போடுவது பிடிக்கும். எதையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு எழுதினால்தான் பாடம் நடத்திய திருப்தி வரும். ஆங்கிலத்தில் சின்ன வினைச்சொல்லோடு ஒரு குட்டிச் சொல் சேர்ந்து பத்து வேலை பார்க்குமே, அதுதான் பேச்சு வழக்குக்கு உயிர் என்று நான் பள்ளியில் அடிக்கடி சொல்வேன். ஆகவே இரண்டாவது வாரம் 'பிக் அப்' என்பதைக் கையில் எடுத்தேன். கரும்பலகை நிறைய பத்து அர்த்தம்.

கீழே கிடப்பதைக் கையால் எடுப்பது முதல் அர்த்தம். அதை அரை நிமிடத்தில் தாண்டிவிட்டேன். அதில் சொல்ல என்ன இருக்கிறது? பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது, வழியில் கடையில் நின்று ஒரு சாமான் வாங்கிக்கொள்வது, அடிக்கிற போனை எடுத்துப் பேசுவது, சளி பிடித்துக்கொள்வது, யாரும் உட்கார்ந்து சொல்லித்தராமல் காதால் கேட்டே ஒரு பாஷையைக் கற்றுக்கொள்வது, படுத்திருந்த வியாபாரம் எழுந்திருப்பது, காற்று வலுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் சொல்லி, எல்லோரையும் திருப்பிச் சொல்ல வைத்தேன். காற்று வந்ததும் அவர்களுக்குக் குஷியாகிவிட்டது. படகு மோட்டார் பிக் அப் ஆகவில்லை என்று வீட்டு ஆண்கள் தினமும் புலம்புவதுதானே, அதையா இவ்வளவு நேரம் சொன்னீர்கள் என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், "வம்பை வெலைக்கு வாங்குறதுக்கும் இதுதானா டீச்சர்?" என்றார். அதற்கு 'அப்' என்ற குட்டிச் சொல் வேண்டாம், 'பிக்' மட்டும் போதும் என்றேன். கேட்டவர் பக்கத்திலிருந்தவரைக் காட்டி, இவளுக்கு அது ஒன்று தெரிந்தால் போதும் என்றார். கொட்டகையே சிரித்தது.

அக்கா மட்டும் அதிகம் சிரிக்கவில்லை. அவர் எழுதிக்கொள்ளவும் மாட்டார். நான் சொல்வதை உதட்டை அசைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. கண்ணைச் சற்றுச் சுருக்கி, எங்கோ தேடுகிற மாதிரி இருப்பார். அந்த இடைவெளியை என்னால் தாங்க முடியாது. பள்ளியிலும் எனக்கு இதே வியாதிதான். பிள்ளை யோசிக்க ஆரம்பிக்கும்போதே பாதி விடையை நான் சொல்லிவிடுவேன், மீதியையும் அடுத்த மூச்சில் சொல்லிவிடுவேன். அதற்கு நான் சுறுசுறுப்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

மூன்று வாரத்தில் அக்காவுக்கு இரண்டு நிமிட உரை ஒன்றைத் தயார் செய்தோம். வணக்கம், நாங்கள் பதினாலு பேர், காலையில் ஏலத்தில் மீனை எடுக்கிறோம், நெத்திலி, வாளை, காரப்பொடி மீன்களில் கருவாடு போடுகிறோம், ஆறு வருடமாகச் செய்கிறோம், இப்படி. அத்தனை நாளில் ஒருமுறைகூட நான் கருவாடு காயும் இடத்துக்குப் போகவில்லை. அது கொட்டகையிலிருந்து கொஞ்சம் தள்ளி, சவுக்கு மரங்களுக்கு அந்தப் பக்கம் இருந்தது. "வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க டீச்சர்," என்று இரண்டு தடவை கூப்பிட்டார்கள். இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும், இன்னொரு நாள் என்றேன். பார்க்காமலே எனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. எங்கள் ஊரில் நெல்லைக் களத்திலும் தார் ரோட்டிலும் கொட்டிக் காயவைப்போம். இவர்கள் மீனைக் கடற்கரை மணலில் கொட்டிக் காயவைப்பார்கள். இதில் பார்க்க என்ன இருக்கிறது?

பெங்களூர் கம்பெனிக்காரம்மா ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். பருத்திச் சட்டை, காலில் சாதாரணச் செருப்பு, கையில் ஒரு சின்ன நோட்டு. கொட்டகையில் ஒரு மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பாக்கெட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பெண்கள் எல்லோரும் தலைக்குக் குளித்து, பூ வைத்து, கோயிலுக்குப் போகிற மாதிரி நின்றார்கள். நான்தான் பாக்கெட்டுகளை மூன்று தடவை நேராக்கி வைத்தேன். பள்ளி இன்ஸ்பெக்‌ஷன் நாளில்கூட நான் அப்படித் தவித்ததில்லை.

அக்கா உரையைச் சொன்னார். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. வந்தவர் முகம் மலர்ந்தது. நான் பெருமையாகச் சுற்றிலும் பார்த்தேன். அதற்கு அப்புறம் அவர் நோட்டைத் திறந்து, உரையில் இல்லாத ஒரு கேள்வி கேட்டார். இந்த மீனை எங்கே, எப்படிக் காயவைக்கிறீர்கள்?

அக்கா கண்ணைச் சுருக்கினார். தேட ஆரம்பித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துபோனது. ஒரு நொடி, இரண்டு நொடி. கடல் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். மூன்று வாரமாக நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் இந்த அம்மா முன்னால் வீணாகப் போகிறதே, டீச்சர் ஒன்றும் சொல்லித்தரவில்லை என்று நினைத்துவிடுவாரே என்று எனக்குப் பதறியது. அவர்கள் பிழைப்பு அல்ல, என் பேர்தான் அந்த நேரம் எனக்குப் பெரிதாக இருந்தது. அதை இப்போது ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

முந்திக்கொண்டு நானே பதில் சொன்னேன். அதுவும் சும்மா சொல்லவில்லை, சோடித்துச் சொன்னேன். எங்கள் கடற்கரையின் சுத்தமான மணல், அதில் பரப்பிய மீன், மேலே வெயில், பக்கத்தில் கடல் காற்று, தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் என்று நல்ல ஆங்கிலத்தில் ஒரு படமே ஓட்டினேன். எனக்கே கேட்க அழகாக இருந்தது.

அவர் நோட்டை மூடினார். மரியாதையாகத்தான் பேசினார். மணலில் காயவைத்த கருவாட்டைத் தாங்கள் வாங்குவதில்லை என்றார். சாப்பிடுகிறவர்கள் பல்லில் மணல் கடிபடுகிறது என்று திருப்பி அனுப்புகிறார்களாம். இதனாலேயே வேறு இரண்டு ஊரில் வாங்குவதை நிறுத்திவிட்டார்களாம். உங்கள் பெண்கள் நன்றாகப் பேசுகிறார்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி, நிறுத்தியிருந்த காரின் பக்கம் பார்த்தார்.

என்ன சொல்கிறார் என்று அக்கா என் கையைத் தொட்டுக் கேட்டார். மணல் ஒட்டுமாம் அக்கா, அதனால் வேண்டாமாம் என்றேன். சொல்லும்போதும் தப்பு என்னுடையது என்று எனக்கு விளங்கவில்லை. என்ன செய்வது, இவர்கள் தொழில் அப்படி, என்னால் ஆனதைச் செய்தேன் என்று எனக்கு நானே சமாதானம்கூடச் சொல்லிக்கொண்டேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "மணல்னு யாரு சொன்னா?" என்றார்.

என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. பின்னால் நின்றவர்களில் ஒருவர், "நம்ம எங்க டீச்சர் மணல்ல போடுறோம்?" என்று மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. அந்தப் பதினாலு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றதை இப்போதும் மறக்க முடியவில்லை.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்ட நேரமும் இல்லை. வந்தவர் அதற்குள் நாலு அடி வைத்துவிட்டார். அக்கா விறுவிறுவென்று அவர் முன்னால் போய் நின்று, "மேடம், நோ சாண்ட். கம்," என்றார். அவர் தயங்கினார். "கம் மேடம், ஃபைவ் மினிட்ஸ்," என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சவுக்குத் தோப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். அவர் பின்னாலேயே வந்தவரும் மற்றப் பெண்களும் நடந்தார்கள். கடைசியில் நான்.

தோப்பைத் தாண்டியதும் நான் பார்த்தது இதுதான். இடுப்பு உயரத்துக்குச் சவுக்குக் கம்புகளை நட்டு, குறுக்கே கட்டி, அதன்மேல் பழைய வலையை இழுத்துக் கட்டிய பந்தல்கள், வரிசையாக ஒன்பதோ பத்தோ. வலை மேல் நெத்திலி ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பிக் கிடந்தது. காக்காய் இறங்காதபடி மேலே இன்னொரு வலை. கீழே காற்று தாராளமாகப் போய்வந்தது. ஒரு மீன்கூட மணலைத் தொடவில்லை. முன்பெல்லாம் எல்லோரும் மணலில்தான் போட்டார்களாம். அதை மாற்ற அக்கா ஒவ்வொருத்தியிடமும் சண்டை போட்டு, கெஞ்சி, கிழிந்த வலைகளை வீடு வீடாகக் கேட்டு வாங்கி, இரண்டு வருடம் பாடுபட்டிருக்கிறார். அதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அந்த இரண்டு வருடத்தை நான் அரை நிமிட ஆங்கிலத்தில் தரையில் கொட்டியிருந்தேன்.

அக்கா ஒரு பந்தலின் முன்னால் நின்றார். கண்ணைச் சுருக்கினார். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை.

"மேடம், யூ பிக் அப்," என்றார்.

வந்தவர் புரியாமல் பார்த்தார். அக்கா அவர் கையைப் பிடித்து நெத்திலியின் மேல் வைத்து, இன்னொரு தடவை அதையே சொன்னார். அவர் ஒரு கை அள்ளினார். பூ வைத்துக்கொண்டு நின்ற பெண்களில் ஒருவர், யாரும் சொல்லாமலே, மேஜையிலிருந்து உருவிக்கொண்டு வந்திருந்த வெள்ளைத் துணியை அவர் கைக்குக் கீழே விரித்துப் பிடித்தார். அக்கா உள்ளங்கைகளைத் தேய்த்துக் காட்டினார். அவரும் தேய்த்தார். துணியில் ரெண்டு செதிலும் ஒரு மீன் தலையும் விழுந்தன. மணல் ஒரு பொட்டு இல்லை. அவர் குனிந்து துணியைக் கூர்ந்து பார்த்தார். அடுத்த பந்தலுக்குத் தானாகவே போய் அங்கே ஒரு கை அள்ளித் தேய்த்தார். அதற்கடுத்த பந்தலிலும் அப்படியே. மூன்றாவது துணி உதறலில் அவர் சிரித்துவிட்டார்.

அப்புறம் கேள்வி மேல் கேள்வி. அக்கா ஒவ்வொன்றுக்கும் நின்று, தேடி, மூன்று சொல், நாலு சொல்லில் பதில் சொன்னார். டூ டேஸ் சன். ரெய்ன், இன்சைட். இரண்டே தடவைதான் என் பக்கம் திரும்பினார். ஒரு தடவை உப்புத் தண்ணீரில் அலசுவதற்கு என்ன சொல் என்று கேட்டார், இன்னொரு தடவை ஈரப்பதத்துக்கு. கேட்ட சொல்லை மட்டும் கொடுத்தேன். மேற்கொண்டு ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. மணல் என்று நான் சொன்னது என் சொந்தக் கற்பனை என்பது வந்தவருக்கு இன்னும் தெரியாது. இந்தப் பெண்கள் முதலில் ஒன்று சொல்லி, பிறகு மாற்றிப் பேசுகிறார்கள் என்று அவர் நினைத்துவிடலாம். இதை விட்டுவிடலாம், எப்படியோ நல்லபடியாக முடிந்ததே என்று ஒரு மனசு சொன்னது. ஆனாலும் அவர் காரில் ஏறப்போகும்போது கிட்டே போய், நான் இந்த இடத்தை இன்றுவரை பார்த்ததே இல்லை, தெரியாமல் நானாக ஒரு பதிலைச் சொல்லிவிட்டேன், இவர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை என்றேன். வாழ்க்கையில் எனக்கு ஆங்கிலம் திக்கியது அன்றைக்கு ஒருநாள்தான். அவர் என் தோளைத் தட்டிவிட்டு, அக்காவிடம் கை குலுக்கிவிட்டுப் போனார். இரண்டு வாரத்தில் முதல் சரக்குக்குக் கேட்டு அக்காவின் போனுக்கே பேசினார். இன்றைக்கும் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

அன்று எல்லோரும் போனபின் நான் கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டருக்கு வந்தேன். இனி எந்த முகத்தோடு இவர்களைப் பார்ப்பது என்று இருந்தது. அக்கா பின்னாலேயே ஒரு பொட்டலம் நெத்திலியோடு வந்தார். வேண்டாம் என்றேன். கேட்காமல் ஸ்கூட்டர் பெட்டியில் வைத்தார். மன்னிச்சுக்குங்க அக்கா என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காத மாதிரி பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார்.

"தப்பா சொன்னது பெருசில்ல டீச்சர். பக்கத்துலயே நின்னோம். ஒரு வார்த்தை எங்கள கேட்டிருக்கலாமே."

அவ்வளவுதான் சொன்னார். திங்கட்கிழமை வகுப்புக்கு வருவீர்கள்தானே என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நான் திங்கட்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகவே போனேன். கரும்பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, முதலில் பந்தலுக்குப் போய் அவர்களோடு நெத்திலியைப் புரட்டிப் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

வகுப்பில் இப்போது ஒரு பிள்ளை யோசிக்க ஆரம்பித்தால் நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன். வாயைக் கட்டுவது லேசில்லை. பாதி நாள் தோற்றுப்போகிறேன். ஆனால் காத்திருந்த நாட்களில், கடைசி பெஞ்சில் இருப்பவர்கள்கூட நான் எதிர்பார்க்காத வாக்கியங்களைச் சொல்லியிருக்கிறார்கள்.

போன மாதம் மாமியாரை மூட்டு வலிக்காக டாக்டரிடம் கூட்டிப்போனேன். எத்தனை நாளாக வலிக்கிறது என்று டாக்டர் கேட்டார். பத்து நாள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது அதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு மாமியார் பக்கம் திரும்பினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். புடவைத் தலைப்பைத் திருகினார். அப்புறம் டாக்டரிடம், "ஒரு வருஷமா இருக்குதுங்க. சொன்னா இது ஸ்கூலுக்கு லீவு போடணுமேன்னு சொல்லல," என்றார்.

ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிற எனக்கு ஒரு வருடமாகத் தெரியாததை, நான் வாயை மூடிக்கொண்ட அந்தச் சில நொடிகளில் தெரிந்துகொண்டேன். இன்னும் யார் யாருக்காக எத்தனை பதில்களை நானே சொல்லி முடித்திருக்கிறேனோ என்று அன்றிலிருந்து நினைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.